புது வண்டியும் திணித்த காற்றும்

மோட்டார் வண்டி பெற்றோலில் ஓடுகிறது என்பது நம்மவர் வழக்கு. உண்மையில் அது பெரும்பாலும் உண்பது காற்றையே. ஒரு பங்கு நிறையுள்ள பெற்றோல் செவ்வனே எரிவதற்கு 14.7 பங்கு நிறையுள்ள காற்று வேண்டும். கனவளவிற் சொல்வதாயின், ஒரு லீற்றர் பெற்றோல் ஏறக்குறைய 9,000 லீற்றர் காற்றை விழுங்கிவிடுகிறது. பெற்றோலை வேண்டிய மட்டும் ஊட்டுதல் எளிது. காற்றை ஊட்டுதலே அரிது.

பௌதிகவியல் ஆசிரியராகிய நாம் இதனை ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்லி வருகிறோம். ஆயினும், இவ்வுண்மையை நம்பி ஒரு குடும்பத்தின் சேமிப்பு தராசில் ஏறும் என்று எண்ணியதில்லை.

நம் தங்கையின் கணவர் அமெரிக்காவிலே, கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில், வீடுகளுக்கு மின்னிணைப்புச் செய்யும் தொழிலினர். 2023ஆம் ஆண்டிலே தவணைக் கடனில் ஒரு போர்ட் எப்-150 பிக்கப் வாகனம் வாங்கினார். எட்டு உருளைகள், ஐந்து லீற்றர், 400 பரிவலு. அது வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகுமுன்பே, அதற்கு ஒரு சூப்பர்சார்ஜர் பூட்ட வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டாயிற்று. வண்டியைச் செய்த நிறுவனமே அத்தகைய கருவித் தொகுதி ஒன்றை விற்பனைக்கு விட்டிருந்தது. அதைப் பூட்டினால் 400 பரிவலு 700 ஆகுமாம். விலை, ஏறக்குறைய 12,000 டொலர்.

“அண்ணா, அது மூத்தவளின்ரை யூனிவேர்சிற்றிக்கு எடுத்து வைச்ச காசு. நீங்கள் படிப்பிக்கிற ஆள். நீங்கள் சொன்னால் அவர் கேட்பார்” என்று தங்கை தொலைபேசியிற் கண்கலங்கினாள். மறுநாள் மைத்துனர் பேசினார். “மச்சான், கணக்கைப் போட்டுப் பாருங்கோ. நியாயம் என்ரை பக்கந்தான்” என்றார். இருவரும் நம்மையே நடுவராக்கிவிட்டமையால், கணக்குப் போடுவதைத் தவிர நமக்கு வேறு வழியில்லாமற் போயிற்று.

மைத்துனர் பக்கத்து நியாயத்தை முதலிற் சொல்லிவிடுவோம், அது சிறிதன்று. டென்வர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீற்றர் உயரத்தில் உள்ள நகரம். நமது நுவரெலியாவிலும் சற்றே தாழ்வு. அவரோ, கருவிகளும் கம்பிச் சுருள்களும் ஏற்றிய இழுவைப் பெட்டியைப் பின்னால் மாட்டிக்கொண்டு, கிழமைக்கு இரண்டு மூன்று தடவை மேற்கேயுள்ள மலையூர்களுக்குப் போகிறவர். வழியிலே ஐசனோவர் சுரங்கப்பாதை இருக்கிறது. 1973இல் திறக்கப்பட்ட அப்பாதை ஏறக்குறைய 3,400 மீற்றர் உயரத்தில் மலையைத் துளைத்துச் செல்கிறது. அவ்வுயரத்தில் வளியமுக்கம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்களவே. காற்று மெலிந்தால் ஒட்சிசனும் மெலியும். அவருடைய 400 பரிவலு அங்கே 270 அளவில் வந்து நிற்கும். பின்னால் வரும் வண்டிகள் ஒலியெழுப்பிக் கடந்து போகும்போது, காசு கொடுத்து வாங்கிய 130 பரிவலுவை மலை பறித்துக்கொண்டது என்று ஒருவர் மனம் நோவதில் வியப்பென்ன?

சூப்பர்சார்ஜர் இக்குறைக்கு நேரான மருந்து. அது வேறொன்றுமில்லை, காற்றைத் திணிக்கும் பம்ப். இயந்திரத்தின் தண்டிலிருந்து ஒரு பட்டி அதனைச் சுழற்ற, உள்ளேயிருக்கும் இரண்டு உருளிகள் காற்றை வாரி உருளைகளுக்குள் அமுக்குகின்றன. இதன் மூதாதையை அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் என்னும் சகோதரர் இருவர் 1860இல் காப்புரிமை செய்தனர். அப்போது மோட்டார் வண்டியே கிடையாது. வார்ப்பாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றூட்டவே அது பயன்பட்டது. பின்னர் இரண்டாம் உலகப் போரிலே, ஸ்பிட்பயர் விமானங்களின் மெர்லின் இயந்திரம் மெல்லிய வானிலும் மூச்சுத் திணறாமல் உழைத்தது சூப்பர்சார்ஜரின் துணையினாலேயே.

ஆனால் மைத்துனர் கணக்கில் ஒரு வழுக்கல் இருந்தது. மலை பறித்தது 130. அவர் கேட்டதோ 300. இழந்ததை மீட்கும் பேச்சிலே தொடங்கி, இல்லாததைப் பெறும் பேச்சிலே முடிந்திருந்தது. (இன்னொன்றும் உண்டு. அதே வாகனத்தை, வெளியேறும் புகையாற் சுழலும் டர்போ பூட்டிய ஆறு உருளை இயந்திரத்துடனும் வாங்கியிருக்கலாம். அதுவும் 400 பரிவலு. மலைக்காற்றை அது நன்கு சமாளிக்கும். எட்டு உருளைகளின் உறுமல் காதுக்கு இனிமை என்று இவர் அதனை விட்டுவிட்டார். சங்கீதத்துக்கு விலை உண்டு.)

காற்றை அமுக்கினால் அது சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டறிந்த சிறுவரும் இதனை அறிவர். சூடேறிய காற்றும் பெற்றோலும் கலந்தால், பொறி தீண்டுமுன்பே ஆங்காங்கே வெடித்துப் பிஸ்டன்களை அறைந்து சிதைக்கக்கூடும். ஆகவே காற்றைக் குளிர்விக்க ஒரு கருவியும், உயர்ந்த ஒக்டேன் பெற்றோலும் வேண்டும். கொலராடோவில், மெல்லிய காற்றை முன்னிட்டு, 85 ஒக்டேன் பெற்றோலே சாதாரண வகையாக விற்கப்படுகிறது. காற்றைத் திணிக்கத் தொடங்கியதும் அந்தச் சலுகை போய்விடும். ஒவ்வொரு முறையும் விலை கூடிய வகையே நிரப்ப வேண்டும். 12,000 டொலரோடு செலவு முடிவதில்லை.

நம்மை மிகவும் உறுத்தியது ஏற்றமன்று, இறக்கம். சுரங்கப்பாதையிலிருந்து டென்வருக்குத் திரும்புகையில் பாதை நெடுந்தூரம் சரிந்து செல்கிறது. பிரேக் எரிந்த லொறிகள் ஏறி நிற்பதற்கென்றே அங்கே ஓரவழிகள் அமைத்திருக்கிறார்கள். சூப்பர்சார்ஜர் பூட்டியதால் பிரேக் தட்டு பெருப்பதில்லை, சட்டகம் தடிப்பதில்லை, இழுக்கலாம் என்று செய்தவர் விதித்த பாரமும் ஒரு இறாத்தல் கூடுவதில்லை. வேகமாக ஏறியவர் வேகமாக இறங்கவும் துணிவார் என்பதை, இளைஞரைப் பல ஆண்டு பார்த்த நாம் அறிவோம். மைத்துனர் நாற்பதைத் தாண்டிய இளைஞர்.

உத்தரவாதத்தைப் பற்றியும் அவர் கேட்டார். வெளிப்பொருளைப் பூட்டியது ஒன்றையே காரணமாக்கி உத்தரவாதத்தை மறுக்க முடியாதென்று 1975ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று உண்டு. ஆனால் பழுது அப்பொருளால் விளைந்ததென்று காட்டப்பட்டால், செலவு வண்டிக்காரர் தலையில். இரு மடங்கு காற்றை உண்ட இயந்திரத்திலே பிஸ்டன் உடைந்தால், எதனால் உடைந்தது என்று வாதாட யாருக்குப் பொழுதிருக்கிறது? கடன் தீராத வண்டி வேறு.

பென்ட்லி கார்களின் கதையையும் அவருக்கு எழுதினோம். 1920களின் இறுதியில், பேர்க்கின் என்ற பந்தய வீரர் அக்கார்களுக்குச் சூப்பர்சார்ஜர் பூட்டவேண்டும் என்று நின்றார். அவற்றைப் படைத்த டபிள்யூ. ஓ. பென்ட்லி அதனை விரும்பவேயில்லை. வலு வேண்டுமாயின் பெரிய இயந்திரம் செய்வதே முறை என்பது அவர் கொள்கை. 1930இல் பிரான்சிலே லெமான் நகரின் 24 மணிப் பந்தயத்தில் இருவகைக் கார்களும் ஓடின. காற்றுத் திணித்தவை இடையிலே நின்றுவிட்டன. திணிக்காத பெரிய பென்ட்லி கார்கள் முதலிரண்டு இடங்களையும் பெற்றன. ஆயினும் இன்று சேகரிப்போர் பெருவிலை கொடுத்துத் தேடுவது தோற்ற கார்களைத்தான். இதையும் மறைக்காமலே எழுதினோம், நடுவர் அன்றோ!

கடனும் உத்தரவாதமும் தீரும்வரை பொறுக்கவும், அதன்பின்னும் ஆசை நிலைத்தால் முழுத் தொகுதியையும் உரிய விற்பனையாளரைக் கொண்டே பூட்டவும், இப்போதைக்கு இழுவைப் பெட்டியை நிறுத்துப் பார்க்கவும் என்று முடித்தோம்.

பத்து நாள் பதில் இல்லை. பின்பு ஒரு படம் வந்தது. பெட்டியை நிறைப்பாலத்தில் ஏற்றிய சீட்டு. அருகே, முற்றத்தில் இறக்கி அடுக்கிய பழைய கம்பிச் சுருள்களும், இரண்டு ஆண்டாகத் தொடாத குழாய்களும். ஏறக்குறைய 700 இறாத்தல் குறைந்ததாம். பணம் மூத்தவளின் பெயரில் வங்கிக்குப் போயிற்று என்று தங்கை சொன்னாள். மைத்துனர் மட்டும், “கடன் 2028இல் முடியுது மச்சான். அப்ப திரும்பக் கணக்குப் போடுவம்” என்றார். நாமும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.