24 சொற்களும் ஒரு எவர்சில்வர் தட்டும்

ஹார்ட்வெயார் வொலட் என்று சொல்லுற சாமானுக்குள்ள காசு இல்லை. பெயரைக் கேட்டால் பேர்ஸ் மாதிரி, கையில எடுத்தால் பென்டிரைவ் மாதிரி. யாரிட்ட எவ்வளவு இருக்கு என்ற கணக்கு உலகம் முழுக்கப் பல்லாயிரம் கணினிகளில் திறந்தபடி கிடக்கிறது. அதில் உங்கட பங்கை நகர்த்த ஒரு இரகசியச் சாவி வேணும். சாமானுக்குள்ள இருப்பது அந்தச் சாவி மட்டும்தான்.

விதானையாரின்ர றப்பர் சீலை யோசியுங்கோ. கடிதம் அவரின்ர மேசைக்குப் போகும், சீல் குத்துப்பட்டு வெளியே வரும். சீல் லாச்சியை விட்டு வெளிக்கிடாது. கொம்பியூட்டரில் வைரஸ் இருந்தாலும் சாவியைத் தூக்க ஏலாது என்பது இதனால்தான். ஆனால் அனுப்புகிற முகவரியைச் சாமானின்ர குட்டித் திரையில சரிபார்க்காமல் பட்டனை அமத்தினால், வாசிக்காமல் சீல் குத்துற விதானையாரின்ர கதைதான்.

எங்கட போர்டிங்கில் நாலு பேர், நாலும் கலைப்பீடம். ஒருத்தி வெளிநாட்டுக்காரருக்கு வீடியோ சப்டைட்டில் செய்து குடுக்கிறாள். கூலி யூஎஸ்டிரியாக வரும். தங்கச்சியின்ர படிப்புக்கென்று ஒரு வருசமாய்ச் சேர்த்தது. கிரிப்டோவைப் பற்றி எங்கட மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது. கார்ட்டால் வாங்கவும் அனுமதி இல்லை. ஆகவே வாங்குங்கோ என்று சொல்ல நாங்கள் இதை எழுதேல்லை. வந்து சேர்ந்த கூலியைக் காப்பாத்துற கதை இது. அதுவரை அந்தக் காசு ஒரு எக்ஸ்சேஞ்சில் கிடந்தது. 2022 நவம்பரில் எஃப்ரிஎக்ஸ் விழுந்தபோது அதில் வைத்திருந்த ஆக்களுக்குத் திரையில இலக்கம் தெரிந்தது, எடுக்க முடியவில்லை. சீல் அவையிட்ட இருக்கேல்லை.

பாவித்த வொலட் ஒன்று இங்கேயே பாதி விலைக்கு வந்தது. வேண்டாம் என்றோம். முதலே சொற்கள் எழுதின கார்ட்டோட சாமானை விற்று, நீங்கள் காசு போட்ட பிறகு உருவிக்கொண்டு போற களவு பழசு. கார்ட் வெறுமையாக இருக்க வேணும், சொற்களைச் சாமான் உங்கட கண்ணுக்கு முன்னால தானே உருவாக்க வேணும். பாரிஸில் இருக்கிற சித்தி லெட்ஜர் கம்பனியின்ர சொந்தத் தளத்தில் வாங்கி, லீவுக்கு வரேக்க கொண்டுவந்தா.

செட் பண்ணின இரவு நாலு போனும் பக்கத்து அறைக்குப் போயின. சொற்களைப் படம் எடுத்தால் அது தானாகவே மேல ஏறி கூகிளில் போய்க் குந்தியிருக்கும். அவள் மேசையில், நாங்கள் மூன்று பேரும் சுவரைப் பார்த்தபடி. ஒருத்தருக்கும் சிரிப்பை அடக்கேலாமல் போனது, ஆனால் திரும்பேல்லை. முதலில் பின் நம்பர். பிறகு 24 ஆங்கிலச் சொற்கள், ஒவ்வொன்றாக, பேனையால், இலக்கம் போட்டு. இந்தச் சொற்கள்தான் உண்மையான சாமான். கருவி உடைந்தாலும் களவு போனாலும் புதுக் கருவியில் இவற்றை அதே ஒழுங்கில் போட்டால் எல்லாம் திரும்பும்.

திரும்புமா என்று பார்க்காமல் நம்பலாமா? முதலில் பத்து டொலர் மட்டும் அனுப்பினோம். பிறகு வேண்டுமென்றே பிழையான பின் நம்பரை மூன்று தரம் அடித்தாள். மூன்றாவதோட கருவி தன்னையே அழித்துக்கொண்டது. 24 சொல்லையும் திருப்பிப் போட்டு முடிய அரை மணித்தியாலம். பத்து டொலர் அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகுதான் மிச்சக் காசு போனது.

தமிழ் படிக்கிற எங்களுக்கு வேறொரு விசயம் உறுத்தியது. சொற்கள் வருவது 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து. ஆங்கிலப் பட்டியல் 'அபண்டன்' என்று தொடங்கி 'சூ' என்று முடியும். ஜப்பான், கொரியன், பிரெஞ்சு, செக் மொழிகளுக்கும் பட்டியல் உண்டு. தமிழுக்கு இல்லை. நாங்களே மொழிபெயர்த்து எழுதி வைக்கவும் ஏலாது. ஒரு சொல்லுக்கு நாலு தமிழ்ச் சொல் இருக்கிறது. நாளைக்குத் திருப்பி ஆங்கிலமாக்கும்போது எது என்று எவருக்குத் தெரியும்? தமிழ் மட்டும் வாசிக்கிற அவளின்ர அம்மா, தனக்கு விளங்காத 24 சொல்லைக் கட்டிக் காக்க வேணும்.

எங்கட வீடுகளுக்குக் கடதாசி காக்கிறது புதிசில்லை. 1995இலும் 2009இலும் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பாங்க் புத்தகம் எல்லாம் ஷொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோட கொண்டு ஓடின சனம். ஆனால் காணி உறுதியைக் களவெடுத்தவன் காணியைத் தூக்கிக்கொண்டு போக மாட்டான். இந்தச் சொற்களைப் பார்த்தவன், கருவியைத் தொடாமலே எல்லாத்தையும் எடுத்துப்போடுவான். ஒளித்தால் போதாது, கறையானும் வெள்ளமும் இருக்கு. சரி, உலோகத்தில் வெட்டுவம் என்றால், பாத்திரத்தில பேர் வெட்டுற கடைக்காரர் வாசித்துப் போடுவாரே!

கடைசியில் கராஜ் வைத்திருக்கிற மாமாவிட்ட எழுத்துக் குத்துற அச்சுப் பெட்டியை இரவல் வாங்கி, ஒரு எவர்சில்வர் தட்டில் அவளே குத்தினாள். ஒவ்வொரு சொல்லிலும் முதல் நாலு எழுத்துக் காணும். பட்டியலில் எந்த இரண்டு சொல்லும் முதல் நாலெழுத்தில் ஒத்துப்போகாது. சுத்தியல் சத்தத்துக்கு வீட்டுக்கார அன்ரி இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தா. தட்டு ஊரில் அம்மாவிட்ட, கடதாசி வேறொரு இடத்தில். எங்கே என்று எங்களுக்கும் சொல்லேல்லை, கேட்கவும் இல்லை.

தங்கச்சிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதி வைத்தோம். என்ன கருவி, எப்படித் திறப்பது, எந்த ஒழுங்கு. 2020இல் லெட்ஜர் வாடிக்கையாளர் சுமார் 272,000 பேரின் பெயர், முகவரி, போன் நம்பர் வெளியே கசிந்தது; அடுத்த வருசம் சிலருக்குத் தபாலில் போலிக் கருவியே வந்தது. அதனால் கடிதத்தில் ஒரு வரியைச் சிவப்புப் பேனையால் எழுதினோம்: "சொல்லை ஆர் கேட்டாலும் குடுக்காத. கம்பனி எண்டு சொன்னாலும் குடுக்காத. அக்காவின்ர பிரெண்ட்ஸ் கேட்டாலும் குடுக்காத."

அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப்போட்டு, "இதைப் பாங்கில போட்டால் என்ன பிள்ளை?" என்று கேட்டாவாம். தங்கச்சிக்குக் கம்பஸ் கிடைக்கட்டும், மாத்திப் போடுவம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். ரிசல்ட்ஸ் இன்னும் வரேல்லை.