ரோதாங் கணவாயில் ஒரு பகல்

மார்கழி விடியலிற் புல்நுனியில் அரும்பி, வெயில் ஏறுமுன் மறைவதையே பனி என்று பழகியவர் நாம். சென்ற வைகாசியில் இமாசலப் பிரதேசத்து மணாலியிலிருந்து ரோதாங் கணவாய்க்கு ஏறியபோது, வீதியின் இருமருங்கும் எம் தலைக்குமேல் உயர்ந்து நின்றது வெண்பனிச் சுவர். அதனையும் பனி என்பதா என மலைத்தோம்.

திரும்புகையில் மர்ஹியில் தேநீர் அருந்தினோம். அருகிருந்த லாகுல் நாட்டுப் பெரியவர், தம் இளமையில் அச்சுவர் இருமடங்கு இருந்ததென்றார். கிழவர்க்கு இளமைக்காலத்தன யாவும் பெரியனவே என்று எம் சாரதி காதருகே நகைத்தான். யார் கூற்று மெய்?

இத்தகைய உயர்மலைகளில் நீண்டகால அளவைக் குறிப்புகள் மிக அரியன. செய்மதிப் படங்கள் பெரும்பாலும் 1972 இல் லான்ட்சற் ஏவப்பட்டபின் வந்தவை. நாள்தோறும் தெளிவாகக் கிடைப்பனவோ பெரும்பாலும் 2000 ஆம் ஆண்டு முதலே. அவற்றிலும் மேகம் மறைக்கும். பரப்புத் தெரியுமேயன்றி ஆழம் தெரியாது.

அதற்கு முற்பட்ட ஆண்டுகளுக்குப் பள்ளத்தாக்கின் மழைக் கணக்கும் வெப்பநிலைக் கணக்குமே துணை. ஆயிரம் மீற்றர் ஏறச் சராசரி 6.5 பாகை செல்சியஸ் குளிரும். மணாலி ஏறத்தாழ 2,000 மீற்றர். கணவாய் ஏறத்தாழ 4,000. ஆகவே கீழே 8 பாகையில் மழை பெய்யின், மேலே பூச்சியத்துக்குக் கீழ் 5 பாகை. அங்கு வீழ்வது வெண்பனியே. உறைநிலைக்கு மேற்பட்ட பாகைகளைக் கொண்டு உருகியதையும் கணிப்பர். கடைக்காரரின் பேரேடுபோல நாள்தோறும் வரவும் செலவும் எழுதி, படமுள்ள ஆண்டுகளிற் சரிபார்த்து, பின் படமில்லா ஆண்டுகளுக்குச் செல்வர்.

எமக்கு இதில் ஓர் ஐயமுண்டு. மழைமானியின் வாயில் வீழவேண்டிய வெண்பனியைக் காற்று அடித்துச் செல்லும். வரவே குறைந்த பேரேடு அது. கணவாய் திறந்த தேதிகளை நம்பலாமெனின், அவை பனியகற்றும் இயந்திரங்களின் வலிமையையும் சேர்த்தே காட்டும். 2020 இல் அடல் சுரங்கப்பாதை திறந்தபின் அந்த அவசரமும் குறைந்தது.

பெரியவருக்கோ இது கணக்கு வழக்கன்று. லாகுல் மழை குன்றிய நாடு. பட்டாணியும் உருளைக்கிழங்கும் பனியுருகிய வாய்க்கால் நீரில் விளைவன. தந்தையார் காலத்தில் ஆடிவரை தடையின்றிப் பாய்ந்த வாய்க்காலில், இன்று அயலாருடன் முறைவைத்து இறைக்கின்றாராம்.

“முறை முதன்முதல் வந்தது எந்த ஆண்டு, ஐயா?” என்று வினாவினோம். மூத்த மகள் திருமணத்திலிருந்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டாம் கைக்கு வருமுன் சாரதி ஹோர்ண் அடித்துவிட்டான்.