தந்தையின் பெயரும் கணனியின் ஏடும்

கலைப்பீடத்து மாணவன் ஒருவன் கணனி நிரல் எழுதப் புகுந்தமை சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். எங்கள் கணனிக்கூடத்தைப் பயன்படுத்துவோரின் பெயர்களை வலையமைப்புப் பெயரேடு ஒன்றிற் சேர்க்கும் பணி என்னிடம் வந்தபோது நானும் நகைத்தேன். பெயர்களைப் பதிவதில் என்ன சிக்கல் இருத்தல் கூடும் என்பதே அன்றைய எண்ணம்.

இவ்வகைப் பெயரேடு தலைகீழாக நிற்கும் மரம் போன்றது. உச்சியில் நாடு, அதன்கீழ் நிறுவனம், பின்னர் துறை, நுனியில் ஆள். 1988 இல் வெளிவந்த எக்ஸ்.500 என்னும் நியமம் இம்மரத்தை வகுத்தது. அது பெரும் பாரமுடையதாயிருந்தமையால், மிச்சிகன் பல்கலைக்கழகத்து டிம் ஹவ்ஸ் முதலியோர் 1993 அளவில் எல்டாப் என்னும் இலகுவான நெறிமுறையை ஆக்கினர். இதில் ஒரு பதிவின் முழுப்பெயர் ஆளிலே தொடங்கி நாட்டிலே முடியும்; இடையிடையே காற்புள்ளி வரும். கடித உறையில் நாம் முகவரி எழுதும் ஒழுங்கும் அதுவே. ஆனால் நம்மவர் பெயரோ எதிர்த்திசையிற் செல்வது. தந்தை முன்னே, பிள்ளை பின்னே. ஊர்ப்பெயர் சேர்ப்போர் ஊரையே முதலில் வைப்பர். இம்முரண்பாட்டை அப்போது நான் சுவையான செய்தியாக மட்டுமே கண்டேன்.

முதல் இடர் காற்புள்ளியால் வந்தது. ஒருவர் தம் பெயரையடுத்துக் காற்புள்ளியிட்டுப் பட்டத்தையும் எழுதியிருந்தார். காற்புள்ளி கண்டவிடமெல்லாம் வெட்டும் என் நிரல் அவரை இரு துண்டாக்க, சேவையகம் அப்பதிவை மறுத்தது. பெயருக்குள்ளே வரும் காற்புள்ளியின் முன் பின்சாய்கோடு இடுதல் வேண்டும், கூட்டற்குறிக்கும் அவ்வாறே. இவற்றைக் கையால் வெட்டி ஒட்டாது, இதற்கென அமைந்த நிரற்கூறுகளிடம் விடுவதே அறிவுடைமை. தமிழெழுத்துக்கு மட்டும் எத்தடையும் இருக்கவில்லை; 1997 இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் எல்டாப் யுனிகோட் எழுத்துகளை ஏற்கின்றது.

நிற்க, மறுக்கப்பட்ட பதிவிலும் ஏற்கப்பட்ட பதிவே கொடிது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். ஆள் ஒருவரைப் பதிவதற்குப் பொதுப்பெயர், குடும்பப்பெயர் ஆகிய இரண்டும் இந்நியமத்திற் கட்டாயமானவை. குடும்பப்பெயர் இல்லாத சமூகங்களும் உலகில் உண்டென்பதை வகுத்தோர் எண்ணினார்களோ இல்லையோ, நான் எண்ணவில்லை. கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராகவும் முதற்சொல்லை இடுபெயராகவும் கொள்ளுமாறு நிரல் எழுதினேன். கந்தையாவின் மகன் செல்வராசா என்றால், கந்தையா என்பது அவனுக்கு இட்ட பெயராயிற்று, செல்வராசா குடும்பமாயிற்று. சேவையகம் ஒரு சொல்லும் சொல்லாது ஏற்றுக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் இடுபெயரை விளித்து வரவேற்புச் செய்தியும் சென்றது.

மறுநாள் வகுப்புத்தோழி ஒருத்தி கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். "அன்பார்ந்த" என்ற சொல்லையடுத்து அவளுடைய தந்தையின் பெயர் இருந்தது. அவர் முந்திய ஆண்டு காலமானவர். இறுதிக் கிரியைக்கு நானும் போயிருந்தேன்.

"அப்பாவையும் சேர்த்துப்போட்டியளோ?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்கு நா எழவில்லை.

அன்றிரவே திருத்தத் தொடங்கினேன். இடுபெயர் கட்டாயமன்று, ஆதலால் அதனை நீக்கினேன். குடும்பப்பெயரை விட இயலாமையால் அவ்விடத்தில் முழுப்பெயரையே இட்டேன். அவரவர் எழுதும் வண்ணமே பெயரைக் காட்டுதற்கு வேறொரு புலம் உண்டு. விளிப்பதற்கு அதனைக் கொண்டேன். பதிவின் தலைப்பில் பெயருக்குப் பதிலாகப் பதிவிலக்கத்தை வைத்தேன். ஒரே பெயருடைய இருவர் ஒரு துறையிலே மோதுவதும் இதனால் ஒழிந்தது. தலைப்பு மாற்றத்தைச் சாதாரண திருத்தமாக எல்டாப் கொள்வதில்லை. அதற்கெனத் தனிக் கட்டளை உண்டு. அதனையும் செய்து முடித்து நிம்மதியாக உறங்கினேன்.

காலையில் அவளாற் கணனிக்குள் நுழைய முடியவில்லை. அனுமதி பெற்றோரின் குழுப்பட்டியல் பழைய தலைப்பையே சுட்டிக்கொண்டு நின்றது. பதிவு மாறினால் பட்டியலும் தானாக மாறும் ஏற்பாடு எங்கள் சேவையகத்தில் இருக்கவில்லை. அதனையும் திருத்தினேன். பின்பு அவளுக்குப் புதிய வரவேற்புச் செய்தியொன்று அனுப்பினேன். அதை நிரலிடம் விடாது நானே எழுதினேன். அனுப்புமுன் பெயரை இருமுறை பார்த்துக்கொண்டேன்.