ஐந்து சிறு கிளாஸ்களும் ஒரு வேதியியல் வாத்தியாரும்



இரண்டு நாட்களாக நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேஜையில் வரிசையாக ஐந்து சிறிய கிளாஸ்கள், பின்னால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு நான். "இது நம்ம சாரா?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். சாரேதான். கிளாஸில் இருப்பது பீர்தான். அது பழச்சாறாக இருக்கும் என்று எனக்காகச் சிலர் வாதாடியதையும் பார்த்தேன். அன்புக்கு நன்றி, ஆனால் அந்த வழக்கு வேண்டாம். பாதிக் கதை ஊர் சுற்றுவதைவிட முழுக் கதையை நானே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் பிளஸ் டூ படித்த மூன்று பேர் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலை பார்க்கிறார்கள். மூவருக்கும் இப்போது பிள்ளைகள் கல்லூரி போகும் வயது. ஒருவன் உணவுப் பொருள் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறான். அவன்தான் ஆரம்பித்தான். "சார், நீங்க நடத்தின எஸ்டர் பாடத்தை ஒரு கிளாஸ்ல காட்டறோம், வாங்க சார்." எனக்கு வயது 67. அதுவரை பீரையோ வேறு மதுவையோ நாக்கில் வைத்ததில்லை. வீட்டில் கேட்டேன். "பாடம்னா போய்ட்டு வாங்க. ஆனா யாரும் வண்டி எடுக்கக் கூடாது" என்றார் துணைவியார்.

அதனால் பஸ்ஸும் மெட்ரோவும்தான். ஓசூர் பஸ் நிலையத்தில் ஏறி, ஜுஜுவாடி, அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவில் இறங்கினேன். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடம் அங்கிருந்துதான் புறப்படுகிறது. ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்துக்கு மாறினால் இந்திராநகர். அங்கே நூறடி ரோட்டில் 'டாய்ட்' என்ற இடம். 2010-இல் தொடங்கியது. மைக்ரோ ப்ரூவரி என்கிறார்கள். அதாவது பீரை அந்தக் கட்டடத்திலேயே காய்ச்சி, அங்கேயே குழாய் வழியாகப் பிடித்துக் கொடுக்கிறார்கள்.

பீர் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் புத்தி போகாது.

நம் ஊரில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச ராகியை என்ன செய்வோம்? ஊறவைத்து, துணியில் கட்டி, முளைவிட்டதும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைப்போம். அந்த மாவில் காய்ச்சிய கஞ்சி கட்டியாகாமல் இளக்கமாக இருக்கும், லேசாக இனிக்கும். முளைக்கும்போது தானியத்தில் உருவாகும் அமைலேஸ் நொதி ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைப்பதுதான் காரணம். ராகிக்குப் பதில் பார்லியை வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் மால்ட். அதைச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, வடிகட்டி, ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். கசப்பும் மணமும் அந்தப் பூவிலிருந்து வருகின்றன. சீக்கிரம் கெடாமலும் அது காக்கிறது. ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால், ஒரு மூலக்கூறு குளுக்கோஸ் இரண்டு மூலக்கூறு எத்தனாலாகவும் இரண்டு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடாகவும் மாறும். கரும்பலகையில் உங்களுக்கு எழுதிப் போட்ட அதே சமன்பாடு. 1516-இல் ஜெர்மனியின் பவேரியாவில் போட்ட சட்டம், பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றுதான் இருக்கலாம் என்றது. ஈஸ்ட் உயிருள்ள ஒன்று என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நொதிக்க வைப்பது உயிருள்ள செல் என்று லூயி பாஸ்டர் காட்டியதெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

இனி விடைத்தாள் திருத்தம். ஒவ்வொரு கிளாஸிலும் சுமார் 100 மில்லி. வெளிர் நிறத்திலிருந்து கறுப்பு நோக்கி வரிசை. உப்புப் பகுப்பாய்வில் முதலில் என்ன எழுதுவோம்? நிறம், பிறகு மணம். இங்கேயும் அதே முறைதான். நாக்குக்கு வேலை மூன்றாவது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மடக்குத் தண்ணீர்.

1. பாஸ்மதி ப்ளாண்ட். வைக்கோல் நிறம். பார்லியோடு பாஸ்மதி அரிசியும் சேர்த்துக் காய்ச்சியது. பிரியாணி அண்டா திறந்த மணம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த மணப்பொருள் எளிதில் ஆவியாகக்கூடியது. அரிசி தருவது இலேசான தன்மையை. வெயிலில் நடந்து வந்தவனுக்கு ஏற்ற பானம். 72 மார்க்.

2. டின்டின் டாய்ட். பெல்ஜியம் நாட்டுப் பாணிக் கோதுமை பீர். அந்தப் பாணியில் தனியாவும் ஆரஞ்சுத் தோலும் சேர்ப்பது வழக்கம். முகர்ந்ததும் எனக்கு அம்மா ரசப்பொடி வறுக்கும் அடுப்படிதான் நினைவுக்கு வந்தது. பையன்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களும் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆமா சார், தனியாதான்" என்றார்கள். 80 மார்க்.

3. டாய்ட் வைஸ். ஜெர்மன் பாணிக் கோதுமை பீர். கலங்கலான மஞ்சள், மேலே வெண்ணுரை. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். வாழைப்பழம்! நன்றாகப் பழுத்த வாழைப்பழம். இதற்காகத்தான் என்னை அழைத்து வந்திருக்கிறார்கள். ஐசோஅமைல் அசிட்டேட், எஸ்டர். ஆல்கஹாலையும் அசிட்டிக் அமிலத்தையும் கலந்து, அடர் கந்தக அமிலம் இரண்டு சொட்டு விட்டுச் சூடாக்கி, "பழ வாசனை வருதா பாருங்க" என்று சோதனைக்குழாயை வரிசையாக நீட்டுவேனே, அந்தக் குடும்பம். இங்கே அமிலமும் இல்லை, அடுப்பும் இல்லை, வாழைப்பழமும் இல்லை. எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை. கூடவே கிராம்பு மணம் வேறு. அதைத் தரும் பொருள் கிராம்பிலுள்ள யூஜினாலுக்குச் சொந்தக்காரன். 95 மார்க். ஐந்து மார்க் ஏன் குறைத்தேன் என்று கேட்காதீர்கள். நான் யாருக்கும் நூறு போட்டதில்லை, உங்களுக்கே தெரியும்.

4. டாய்ட் ரெட். அயர்லாந்து பாணி. செம்பு நிறம். இந்த வகையில் வறுத்த தானியம் கொஞ்சம் சேர்வதால் அந்த நிறம். ரொட்டியின் முறுகிய ஓரமும், பாகு இறக்குவதற்குச் சற்று முன் வரும் வாசனையும் இருந்தன. 78 மார்க்.

5. டார்க் நைட். பெயருக்கேற்ற கறுப்பு. காப்பிக் கொட்டை வறுப்பதுபோல மால்ட்டை நிறம் மாற வறுத்தால் இப்படி வரும். கசப்பும் காப்பி மணமும் தூக்கலாக இருந்தன. பால் சேர்த்த ஃபில்டர் காப்பிக்குப் பழகிய நாக்கு என்னுடையது, 75-க்கு மேல் போக மறுத்தது. பக்கத்தில் இருந்தவன் 90 போட்டான். இரண்டாவது மதிப்பீடு கேட்க அவனுக்கு உரிமை உண்டு என்று சொல்லிவைத்தேன்.

ஒவ்வொன்றிலும் பாதி கிளாஸ்தான் குடித்தேன். அதற்கே இரண்டரை மணி நேரம் ஆனது. பேச்சு, வேர்க்கடலை, மறுபடி பேச்சு. இவர்கள் படிக்கும்போது என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

இனி, குழுவில் வந்த கேள்விகள். "ராஜாஜி பிறந்த மண்ணிலிருந்து போய் இப்படியா?" என்று உறவினர் ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. ராஜாஜி 1878-இல் பிறந்த தொரப்பள்ளி நம் ஓசூரை அடுத்த ஊர். சென்னை மாகாணத்தின் பிரதமராக அவர் மதுவிலக்கை முதன்முதலில் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அந்தச் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. ஏழை வீட்டில் கூலிப் பணம் அரிசியாகப் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை அது. 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது, பிறகு மறுபடி வந்தது, போனது. 1983-இல் டாஸ்மாக் வந்தது. 2003-இல் சில்லறைக் கடைகளையும் அதுவே எடுத்து நடத்தத் தொடங்கியது. சட்டம் வந்தும் போயும் எத்தனையோ மாறியது. குடித்தவன் வீட்டில் நடந்தது அவ்வளவாக மாறவில்லை. எங்கள் வீட்டிலும்தான்.

படம் வந்த அன்று மாலை அண்ணி போன் செய்தார். "தம்பி, நீங்களுமா?" என்று மட்டும் கேட்டார்.

பழைய மாணவர்கள் பலருக்குத் தெரியாது. என் அண்ணன் ஷிப்ட் முறையில் வேலை பார்த்த தொழிலாளி. 1998-இல், 49 வயதில், கல்லீரல் சுருங்கி இறந்தார். அண்ணியின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அண்ணன் எப்படிக் குடிப்பார் என்று நான் பார்த்திருக்கிறேன். உட்கார மாட்டார். குவார்ட்டரை வாங்கியதும் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றித் தண்ணீர் கலந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டே மடக்கு. உடனே விரல் நுனியில் ஊறுகாய். மொத்தம் ஐந்து நிமிடம் ஆகாது. பிறகு யார் கண்ணிலும் படாமல் சந்து வழியாக வீடு.

அண்ணியிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். ஐந்து கிளாஸ், மார்க் போட்டது, வாழைப்பழ வாசனை.

"வாழைப்பழ வாசமா? அதுலயா?" என்று வியந்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்: "உங்க அண்ணனுக்கு அந்த ருசியே பிடிக்காது தம்பி. கசாயம் குடிக்கிற மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டுத்தான் குடிப்பாரு. நீங்க சொல்ற மாதிரி உக்காந்து மோந்து பார்த்துக் குடிக்க அவருக்கு யாரு நேரம் குடுத்தா?"

அன்று இரவு முழுக்க அந்தக் கேள்விதான் மனதில் ஓடியது. நாங்கள் நான்கு பேர் அன்று கொடுத்த பில், அண்ணன் காலத்து மாதச் சம்பளத்தைவிட அதிகம். இரண்டரை மணி நேரத்தை நிதானமாகச் செலவழிக்க வசதி, நாற்காலி, கூட்டாளிகள், ஒளிந்துகொள்ளத் தேவையில்லாத இடம் எல்லாம் எங்களுக்கு இருந்தன. அண்ணனுக்கு அடுத்த ஷிப்ட்தான் இருந்தது. உடம்பு வலி மறக்க வேண்டும், தூங்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய தேவை. எந்த மதுவால் இறந்தாரோ அதை அவர் ஒருநாளும் ருசித்ததே இல்லை.

இதைச் சொல்வதால் பீர் நல்லது, பிராந்தி கெட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டிலும் எத்தனால் ஒன்றுதான். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. ஆனால் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். இந்த வகை பீரில் எத்தனால் ஏறக்குறைய 5 சதவீதம். நான் குடித்தது 250 மில்லி, அதில் எத்தனால் சுமார் 12 மில்லி, எடையில் 10 கிராம். குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். அதில் 77 மில்லி, அதாவது 61 கிராம். நம் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். வகுத்துப் பாருங்கள், ஆறிலிருந்து ஒன்பது மணி நேரம். இரவு பதினொன்றுக்கு ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டுக் காலை ஐந்து மணிக்கு எழுந்து 44-ஆம் தேசிய நெடுஞ்சாலையில் பைக்கை முறுக்குகிறவன், "நைட்டுதான் சார் குடிச்சேன்" என்று சொன்னாலும் அவன் ரத்தத்தில் அது இன்னும் இருக்கிறது. குளித்தாலும், மோர் குடித்தாலும், காப்பி குடித்தாலும் அந்த வேகம் மாறாது. சிப்காட்டில் காலை ஷிப்ட் போகும் என் மாணவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இன்னும் மூன்று வார்த்தை.

கல்யாண மண்டபங்களில் என்னைக் கண்டதும் பின்பக்கமாக ஓடுகிறீர்கள். ஓடாதீர்கள். உங்களுக்கு நாற்பது, ஐம்பது வயதாகிவிட்டது. வந்து பக்கத்தில் உட்காருங்கள், சாப்பிடலாம்.

ருசி பிடிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, தினமும் குடிக்கிறவன் யாராவது இதைப் படித்தால், எனக்குப் போன் செய். திட்ட மாட்டேன். 14446 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் உதவி கிடைக்கும். பல வருடம் குடித்தவன் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதனால் டாக்டரைப் பார்த்துவிட்டே நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டில் அன்று இதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

மாத்திரை சாப்பிடும் என் வயதுக்காரர்கள் இந்தப் பதிவைப் படித்துவிட்டு இந்திராநகருக்குக் கிளம்பிவிட வேண்டாம். நான் என் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் போனேன்.

"மறுபடி போவீங்களா சார்?" என்று அந்த மூவரும் கேட்டார்கள். எஸ்டர் பாடம் முடிந்தது. அடுத்த முறை நீங்கள் ஓசூருக்கு வாருங்கள். முளைகட்டிய ராகிக் கஞ்சி வைக்கச் சொல்கிறேன், அண்ணியும் வருகிறேன் என்றிருக்கிறார். மார்க்கை இந்த முறை நீங்கள் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வேதியியல் ஆசிரியர்,
ஓசூர்.