இரட்டை மாட்டு வண்டி

ஒற்றை மாட்டு வண்டியைவிட இரட்டை மாட்டு வண்டி மிகுந்த பாரம் இழுக்கும் என்பதை யாவரும் அறிவர். கணினி விளையாட்டில் நாட்டங்கொண்ட இளைஞர் பலரும் இவ்வாறே எண்ணி, பகுதிநேர வேலையில் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் இரண்டாவது வரைகலை அட்டையொன்றை வாங்க விழைகின்றனர். அது பயன் தருமா?

இவ்விழைவு அடிப்படையற்றதன்று. 1998ஆம் ஆண்டில் வெளிவந்த வூடூ 2 அட்டைகள் இரண்டை இணைத்தால், திரையின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அவை பகிர்ந்து வரைந்தன. 2004இல் என்விடியா நிறுவனம் இணைப்பு முறைக்குப் புத்துயிர் அளித்தது. ஆயின் இம்முறை அட்டைகள் பெரும்பாலும் முழுப் படங்களையே மாறி மாறி வரைந்தன. ஒன்று முந்த, மற்றொன்று பிந்த, படங்களின் எண்ணிக்கை உயர்ந்தும் காட்சி திக்கித் திணறியது. நினைவகமும் கூடவில்லை, ஒரே தரவை இரண்டும் தனித்தனியே சுமந்தமையால், நான்கும் நான்கும் நான்காகவே நின்றன. மின்செலவும் வெப்பமுமே தவறாது பெருகின.

2021 முதல் புதிய விளையாட்டுகளுக்கான இணைப்பு அமைவுகளைத் தன் மென்பொருளில் சேர்ப்பதை என்விடியா நிறுத்திற்று. 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 அட்டையில் இணைப்பு வாயிலே இல்லை. விளையாட்டை ஆக்குவோரே வழிவகுத்தாலொழிய இரண்டாம் அட்டை வாளாவிருக்கும்.

முப்பரிமாணப் படங்களை உருவாக்கும் தொழிலோர்க்கு இரண்டாம் அட்டை இன்றும் உதவும். அங்கே வேலையைக் கூறுபோட்டுத் தனித்தனியே முடிக்கலாம். விளையாடுவோரோ பழைய அட்டையை விற்று, ஆற்றல் மிக்க ஒன்றை வாங்குவதே அறிவுடைமை. மாடுகள் ஒரே நடையில் செல்லாவிடின், இரண்டு பூட்டியும் வண்டி விரையாது.