தாத்தாவின் வாச்சி

பழவேற்காட்டில் என் மாமா வீட்டுப் பரணில் ஒரு வாச்சி இருக்கிறது. அம்மாவின் அப்பா படகு கட்டும் ஆசாரி. கடைசிவரை அவர் கையில் இருந்தது அது. பிடியை எத்தனையோ முறை மாற்றியிருக்கிறார்கள். இரும்பு மட்டும் தாத்தா காலத்து இரும்பு. அதைக் கேட்டு வாங்கிவந்து எழுதும் மேசையருகே வைத்துக்கொள்ள வேண்டுமென்று வெகுநாள் ஆசை. போன மாதம் அதற்காகவே கிளம்பிப் போனேன்.

சிறுவயதில் பள்ளி விடுமுறை முழுக்க அந்த ஏரிக்கரையில்தான் கழியும். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது என்பதெல்லாம் அப்போது தெரியாது. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்கூட இராது என்பது மட்டும் தெரியும். தாத்தாவிடம் வரைபடம் என்று ஒன்றும் கிடையாது. பலகைகளை ஏற்றி முடித்தபின் அணியத்தின் முன் குந்தி அமர்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்ப்பார். பிறகு எழுந்துபோய் ஓரிடத்தில் நகக்கண் அளவு மரத்தைச் செதுக்கி எடுப்பார். அந்த ஒரு சீவலுக்காக ஒரு காலைப்பொழுது போயிருக்கும்.

இன்னொரு வகைப் படகை நான் கண்டது கல்லூரிக் காலத்தில், அடையாற்றில். 1867இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் போட் கிளப்பின் துடுப்புக்காரர்கள் அதிகாலையில் பயிற்சி செய்வார்கள். எட்டுப் பேர் துடுப்பு வலிக்க, ஒருவர் திசை பார்க்க, ஏறத்தாழ 17 மீட்டர் நீளமுள்ள அந்தப் படகு தண்ணீரைத் தொடாமல் போவதுபோல் இருக்கும். சர்வதேசப் போட்டிகளில் அத்தகைய படகின் எடை 96 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று விதி. அதாவது ஓட்டுகிறவர்களில் இரண்டு பேர் எடைகூட இல்லை. தாத்தாவின் படகை ஏரியில் இறக்க ஒரு தெருவே கைகொடுக்க வேண்டியிருந்ததை நினைத்துக்கொண்டேன்.

அந்தப் படகுகளைச் செய்கிறவர்களைப் பற்றித் தேடிப் படித்தபோது அறிமுகமானவர் ஜார்ஜ் போகாக். இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளிக்குப் படகு கட்டியவரின் மகன். 1911இல் தன் அண்ணனுடன் கனடாவுக்குக் கப்பலேறி, பின்னர் அமெரிக்காவின் சியாட்டிலில் பட்டறை போட்டார். சுமார் 4 மில்லிமீட்டர் கனமுள்ள சிடார் பலகையை ஆவியில் இளக்கி வளைத்துப் படகுக்குத் தோல்போலப் போர்த்துவார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் அவர் கட்டிய படகில்தான் தங்கம் வென்றார்கள். இரண்டாவதாக வந்த இத்தாலிக்கும் அவர்களுக்கும் இடைவெளி 0.6 விநாடி. அதைப் படித்த இரவு, அந்த 0.6 விநாடிக்குள் எத்தனை நகக்கண் சீவல்கள் இருக்கும் என்று யோசித்துக்கொண்டு வெகுநேரம் தூங்காமல் கிடந்தேன்.

இந்தக் கதையை மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம ஏரியில முந்திப் போய் என்ன பண்றது மாப்ளே? இங்கதான் பாடு இருக்கே" என்றார்.

அவர் சொன்னது பழவேற்காட்டு மீனவர்களின் பழைய ஏற்பாடு. இறால் வலை கட்டும் இடங்களைச் சீட்டுக் குலுக்கிப்போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இன்று நல்ல இடம் வாய்த்தவர் மறுமுறை வேறிடத்துக்கு நகர்ந்தாக வேண்டும். அந்த உரிமை எல்லாச் சமூகத்தாருக்கும் கிடைத்துவிடவில்லை என்பதும், அதையொட்டிப் பூசல்கள் எழுந்ததும் உண்மை. ஆனாலும் முறைக்குள் இருப்பவர்களுக்கு அது முந்துவதற்கான தேவையையே எடுத்துவிட்டது. விரைவாகப் போனாலும் உன் இடம் உனக்கு, மெதுவாகப் போனாலும் உன் இடம் உனக்கு. தாத்தாவின் படகுகளின் நிதானம் அங்கிருந்து வந்தது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஆனால் போட்டி இருந்த இடத்தில் ஆசாரி பிழைத்தார் என்பதையும் சொல்லவேண்டும். குட்டநாட்டில் ஊர்கள் இன்றும் சுண்டன் வள்ளம் கட்டுகின்றன. 1952இல் நேரு ஆலப்புழைக்கு வந்ததையொட்டித் தொடங்கிய பந்தயம் நின்றிருந்தால், அங்கே யார் நூறு பேர் அமரும் படகுக்கு ஆஞ்சிலி மரம் தேடுவார்கள்? கோழிமுக்கு நாராயணன் ஆசாரியின் கைவேலையை அவருடைய பிள்ளைகள் தொடர முடிந்தது, தண்ணீரின்மேல் அந்தப் பந்தயம் மிச்சமிருந்ததால்தான்.

பழவேற்காட்டில் ஃபைபர் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை முழுவதும் தொண்டு நிறுவனங்கள் ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. எங்கோ வார்க்கப்பட்டு லாரியில் வந்து இறங்கியவை. மாமாவுக்கு மிஞ்சியது ஒட்டுப்போடும் வேலை. மரத்தைக் கொன்றது ஃபைபர் என்று நானும் வசைபாடிக்கொண்டிருந்தேன், போகாக் குடும்பத்தின் மீதிக் கதையைப் படிக்கும்வரை. சிடார் மரத்தில் பேர்பெற்ற அந்த ஜார்ஜின் மகன் ஸ்டான் போகாக், ஃபைபரில் பந்தயப் படகு செய்யப் புகுந்த முன்னோடிகளில் ஒருவர். அங்கே அச்சு குடும்பத்தின் கையிலேயே இருந்தது. இங்கே அது வெளியிலிருந்து வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் ஒரு தொழில் போவதற்கு அது போதும்.

சாப்பிட்டு முடித்ததும் மெதுவாக வாச்சியைக் கேட்டேன். மாமா சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு கொல்லைப்புறம் அழைத்துப் போனார்.

அங்கே அவருடைய மகன் பாதி எழும்பிய மரப்படகு ஒன்றின்மேல் குனிந்திருந்தான். பக்கத்தில் அந்த வாச்சி. மீன்பிடிக்கப் போகிற படகல்ல அது. அவன் வேலை செய்யும் ஃபைபர் பட்டறைக்குப் புது அச்சு எடுப்பதற்கான மாதிரி. ஒருமுறை மரத்தில் சரியாகச் செதுக்கிவிட்டால், அதன்மேல் அச்சு வார்த்து, வேண்டிய மட்டும் படகுகளை எடுத்துக்கொள்ளலாம்.

"இது முடிஞ்சா அப்புறம் மரத்துல வேலை வருமோ என்னவோ" என்றார் மாமா. "அதனால கோணல் இல்லாம முடிச்சிடணும். வர்றதெல்லாம் இதே மாதிரிதானே வரும்."

அணியத்தின் முன் குந்தினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் வாச்சியைப் பற்றி மறுபடி பேச்செடுக்கவில்லை.