தையல் வெளியே தெரியட்டும்

1849இல் நியூயார்க்கைச் சேர்ந்த வால்ட்டர் ஹன்ட் ஊக்குக்குக் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றும் விட்டார். ஒரே கம்பி, ஒரு முனையில் சுருள், மறுமுனையில் கூர்முனையை மூடும் கொக்கி. குழந்தையின் அரைத்துணிக்கும் பொத்தான் அறுந்த சட்டைக்கும் அவசரத்துக்கு உதவும் பொருளாகவே அது நூறாண்டுகளுக்கு மேல் இருந்துவந்தது. ஊக்குக் குத்தியிருப்பது பிறர் கண்ணில் படக் கூடாது என்பது எல்லா வீடுகளிலும் எழுதப்படாத விதி. 1970களின் நடுவில் நியூயார்க்கின் சிபிஜிபி அரங்கில் பாடிய ரிச்சர்ட் ஹெல் கிழிந்த டி-ஷர்ட்டோடு மேடையேறினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் லண்டனில் பங்க் என்னும் ராக் இசையின் பின்னால் திரண்ட இளைஞர்கள் ஊக்கை நெஞ்சுக்கு நேரே, எல்லோரும் பார்க்கும்படி குத்திக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு அதிர்ச்சி கொடுக்கவே அப்படிச் செய்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதிர்ச்சிக்கு ஆயுள் குறைவு. ஐந்து ஆண்டுகளில் அது பழகிப்போகும். அரை நூற்றாண்டுக்குப் பிறகும், உலகின் பல மூலைகளிலும், பதினாறு வயதுப் பிள்ளைகள் பழைய ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிறார்கள் என்றால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். பங்க் உடை தன்னை எப்படிச் செய்வது என்பதைத் தன் மேலேயே காட்டுகிறது, பார்ப்பவரும் செய்துகொள்ளலாம் என்று அனுமதி தருகிறது. அந்த உடையின் மதிப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

ஒரு பங்க் ஜாக்கெட் உருவாகும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். பழைய துணிக் கடையில் வாங்கிய டெனிம் அல்லது தோல் ஜாக்கெட் ஒன்று. மேலே வைக்கும் ஒட்டுத்துணிகள் பழைய டி-ஷர்ட்டிலிருந்தோ படுக்கை விரிப்பிலிருந்தோ வெட்டப்பட்டவை. அட்டைப் பெட்டியில் எழுத்து வடிவத்தைக் கத்தியால் வெட்டி எடுத்தால் ஸ்டென்சில் தயார். அதைத் துணிமேல் வைத்து, பஞ்சில் பெயின்ட்டைத் தொட்டு ஒற்றினால் இசைக்குழுவின் பெயர் பதியும். கறுப்புத் துணியாக இருந்தால் தூரிகையில் ப்ளீச் நனைத்து எழுதலாம். எழுதிய இடம் செம்பழுப்பாக வெளிறும். ஒட்டின் ஓரங்களை மடித்துத் தைப்பதில்லை, பிசிறு பிசிறாகவே விடுகிறார்கள். தைக்கும் நூலாகப் பலர் பயன்படுத்துவது பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு நூலை. மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும், எளிதில் அறாது, மழையில் நைந்து போகாது. உலோகக் குமிழ்களின் கால்களைத் தோலில் குத்தி இறக்கி, உள்பக்கம் ஒரு கரண்டிக் காம்பால் மடக்கிவிட்டால் அவை அசையாமல் நிற்கும். சோடா மூடியின் பின்புறம் ஊக்கை ஒட்டினால் அது ஒரு பேட்ஜ். இவற்றில் எதற்கும் தையல் எந்திரம் வேண்டாம், பயிற்சி வேண்டாம். இசை நிகழ்ச்சியில் அந்த ஜாக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவர் பாட்டு முடிவதற்குள் செய்முறை முழுவதையும் அதன் முதுகிலிருந்தே படித்துவிடலாம். தேர்ந்த தையல்காரர் தைத்த கோட்டில் இது முடியாது. அங்கே உள்துணி தையலை மறைக்கிறது, மடிப்பு பிசிறை மறைக்கிறது. அந்த மறைப்புக்குத் தேவைப்படும் திறமையைத்தான் நாம் நேர்த்தி என்கிறோம். அந்த நேர்த்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது பார்ப்பவரை வியக்க வைக்கும், கூடவே ‘இது நம்மால் ஆகாது’ என்றும் நினைக்க வைக்கும். பங்க் ஒட்டு அந்த இரண்டாவது நினைப்பை வரவிடுவதில்லை.

உடையோடு நிற்காத மனப்போக்கு இது. மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு உறவினர்களிடமும் நண்பர்களிடமும் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ என்ற சிறு இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டது. எந்தப் பாடல் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, மேலே வேறு ஒலி சேர்த்தார்களா என்பதை உறையிலேயே அச்சிட்டார்கள். பெரிய நிறுவனங்கள் வெளியில் விடாத தகவல் அது. 1980இன் இறுதியில் வாஷிங்டனில் தொடங்கிய டிஸ்கார்ட் நிறுவனத்தின் இளைஞர்கள், உறை எப்படி மடிக்கப்படுகிறது என்று அறிய வேறொரு இசைத்தட்டின் உறையைப் பிரித்துப் பார்த்தார்கள். பிறகு தங்கள் முதல் வெளியீட்டின் உறைகளைத் தாங்களே வெட்டி, மடித்து, பசை தடவினார்கள். கிளாஷ் குழுவில் ஓவியக் கல்லூரியிலிருந்து வந்த பால் சிமனன் இருந்தார். அவர்கள் ஓவியர் ஜாக்சன் போலாக்கின் பாணியில் சட்டைகளிலும் கால்சட்டைகளிலும் பெயின்ட்டைத் தெளித்து, ஸ்டென்சிலில் வாசகங்கள் பதித்து மேடையேறினார்கள். பாட்டு, இசைத்தட்டு உறை, சட்டை மூன்றிலும் வேலை ஒன்றே: கிடைப்பதை எடு, பிரித்துப் பார், சேர்த்துக் கட்டு, கட்டிய இடத்தை மறைக்காதே.

இந்தச் சிக்கனம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1941 ஜூன் முதல் 1949 வரை துணிக்கு ரேஷன் இருந்தது. பழையதைப் பழுதுபார்த்து உடுத்தும் முறைகளைச் சொல்லும் ‘மேக் டூ அண்ட் மெண்ட்’ கையேட்டை 1943இல் அரசே வெளியிட்டது. 1976இல் பதின்வயதில் இருந்தவர்களின் அம்மாக்கள் பலர் அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள், கிழிசல் தெரியாமல் இழையோட்டப் பழகியவர்கள். பிள்ளைகள் அந்தச் சிக்கனத்தை வாங்கிக்கொண்டார்கள், அதோடு இருந்த கூச்சத்தை மட்டும் வாங்க மறுத்தார்கள் என்றே எனக்குப் படுகிறது. நாடும் அப்போது நல்ல நிலையில் இல்லை. 1976இல் வேலையில்லாதோர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. சர்வதேச நாணய நிதியத்திடம் அரசு கடன் கேட்டு நின்றது. எல்லாம் சரியாக இருப்பதுபோல் நேர்த்தியாக உடுத்திக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தப் பிள்ளைகளுக்குப் பொய்யாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

என் வாதத்துக்கு முதல் மறுப்பு வரலாற்றிலிருந்தே வரும். பங்க் உடை பிறந்ததே ஒரு கடையில்தானே என்பார்கள். லண்டன் கிங்ஸ் ரோடு 430ஆம் எண்ணில் விவியன் வெஸ்ட்வுட்டும் மால்கம் மக்லாரனும் நடத்திய கடை 1974இல் ‘செக்ஸ்’ என்றும், 1976 இறுதியில் ‘செடிஷனரீஸ்’ என்றும் பெயர் மாறியது. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு உருவானதே அந்தக் கடையைச் சுற்றித்தான். அங்கே விற்ற பட்டை வைத்த கால்சட்டைகள் சாதாரண வேலையில் இருந்தவர்களுக்கு எட்டாத விலை. இவையெல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கடையின் கைவேலையும் வீட்டுச் சமையலறையிலிருந்தே வந்தது. வேகவைத்துச் சுத்தம் செய்த கோழி எலும்புகளைச் சங்கிலியில் கோத்து டி-ஷர்ட்டில் எழுத்தாக்கியவர் வெஸ்ட்வுட். இன்னொன்றும் உண்டு. ஜானி ராட்டன் என்று பின்னால் பெயர் பெற்ற ஜான் லைடன், 1975இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் பாடகராகத் தேர்வாவதற்கு முன்பே, பிங்க் ஃப்ளாய்ட் டி-ஷர்ட்டில் அந்தப் பெயருக்கு மேல் ‘நான் வெறுக்கிறேன்’ என்று பொருள்படத் தானே எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார். அது கடைச் சரக்கில்லை. அவரைக் கவனிக்க வைத்தவற்றில் அந்தச் சட்டையும் ஒன்று. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் பாடகி பாலி ஸ்டைரீன் அதே கிங்ஸ் ரோட்டில் சிறிய அங்காடி ஒன்றில் பிளாஸ்டிக் அணிகலன்களும் உடைகளும் விற்றவர். வாங்க முடியாத மற்றவர்கள் பள்ளிக் கால்சட்டையில் பட்டையையும் ஜிப்பையும் தைத்துக்கொண்டார்கள். கடையே இல்லாத இடங்களையும் பாருங்கள். கிழக்கு ஜெர்மனியில் இத்தகைய உடையை விற்கும் கடை எதுவும் கிடையாது. அங்கேயும் பங்க் இளைஞர்கள் முளைத்தார்கள். 1983இல் உளவுத்துறை அவர்கள்மீது கடுமையாகப் பாய்ந்தது, ‘நாமென்லோஸ்’ குழுவினர் சிறைக்குப் போனார்கள். கடைதான் மூலம் என்றால் பெர்லின் சுவருக்கு அந்தப் பக்கம் அந்த உடை போயிருக்க முடியாது.

எல்லோரும் ஒரே மாதிரி உடுத்தினால் அதுவும் சீருடைதானே என்ற கேள்வி எளிதாக எழும். ஓரளவு நியாயமான கேள்வி. நட்டுக்கொண்ட தலைமுடியும் குமிழ் பதித்த ஜாக்கெட்டும் 1980களின் தொடக்கத்திலேயே லண்டன் சுற்றுலா அஞ்சலட்டைகளில் ஏறிவிட்டன. முழு ஜாக்கெட்டாக விலைக்கு வாங்கி மாட்டிக்கொள்பவரைப் பற்றி இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தானே தைப்பவரின் ஜாக்கெட் வேறு. எந்தக் குழு, எந்த அரசியல், எந்த ஊர், எந்த வரிசை என்பதெல்லாம் அவர் தேர்ந்தவை. பொதுவாக இருப்பது முறை மட்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஏழ்மையைப் பற்றியது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, நல்ல சட்டையை வேண்டுமென்றே கிழிப்பது உறுத்தும்; உறுத்தத்தான் வேண்டும். ஒரே சட்டை வைத்திருப்பவர் அதன் கிழிசலை மறைக்கப் பாடுபடுகிறார். வசதியான வீட்டு ஓவிய மாணவர் அதே கிழிசலை அலங்காரமாக அணிகிறார். பங்க் கூட்டத்தில் இரு வகையினரும் இருந்தார்கள். லைடன் ஐரிஷ் குடியேறிகளின் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளை. மக்லாரனின் வட்டம் ஓவியக் கல்லூரிகளிலிருந்து வந்தது. நல்ல துணியைத் தோற்றத்துக்காகக் கிழிப்பதை நான் ஆதரித்து எழுத மாட்டேன். என் வாதம் கிழிப்பதைப் பற்றியதும் அல்ல, சேர்ப்பதைப் பற்றியது. அந்தப் பழமொழி சொல்வதும் வேலையைத்தான். துணி எதுவாயினும் உன் கைப் பாடு அதில் இருக்கட்டும், அப்போது தலை குனிய வேண்டாம் என்கிறது. ஒரு ஜாக்கெட்டில் மாதக்கணக்கில் ஒட்டுப் போட்டு, நைந்த இடத்தில் மறுபடி தைத்து, பத்து ஆண்டு உடுத்துபவர் அந்தப் பேச்சுக்கு வெகு தொலைவில் இல்லை.

தொலைவில் இருப்பவர்கள் வேறு. பங்க் சூடாக இருந்த 1977இலேயே லண்டன் வடிவமைப்பாளர் ஸாண்ட்ரா ரோட்ஸ் கிழித்த ஜெர்சித் துணியில் பொன்னிற ஊக்குகளும் மணிகளும் வைத்து உயர்விலை உடைகள் செய்தார். 1994இல் நடிகை எலிசபெத் ஹர்லி அணிந்த வெர்ஸாச்சே கறுப்பு உடையின் பெரிய ஊக்குகள் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தன. அவை திறமையான வேலைதான். ஆனால் அவற்றைப் பார்த்து யாரும் வீட்டில் ஊசியை எடுத்திருக்க மாட்டார்கள். ஆலையில் செய்யும் கிழிசலும் வெளிறலும் இன்னும் மோசம். ஜீன்ஸைப் பழசுபோல் காட்ட மணலை வேகமாகப் பீய்ச்சும் முறை துருக்கியின் பட்டறைத் தொழிலாளர்களுக்கு நுரையீரலைக் கல்லாக்கும் சிலிகோசிஸைக் கொண்டுவந்தது. இளைஞர்கள் இறந்தார்கள். 2009இல் அந்த நாடு அந்த முறையைத் தடைசெய்தது. வாங்குபவர் ஒரு நூலைக்கூடத் தொடாத தேய்மானத்துக்கு இன்னொருவர் மூச்சு விலையாகப் போயிருக்கிறது. தானே உடுத்தித் தேய்த்த முழங்காலுக்கும் அதற்கும் தோற்றத்தில் வேறுபாடு தெரியாமல் இருக்கலாம். தோற்றத்தை மட்டும் பார்த்து இந்த உடைகளை எடைபோடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கையால் செய்ததெல்லாம் நல்லது என்ற முடிவுக்கும் போகக் கூடாது. பாடகி சியூக்ஸி நாஜி ஸ்வஸ்திகா கைப்பட்டை அணிந்தார், செக்ஸ் பிஸ்டல்ஸின் சிட் விஷியஸ் ஸ்வஸ்திகா டி-ஷர்ட் போட்டார், வெஸ்ட்வுட்டின் கடை அதே சின்னத்தை அச்சிட்டு விற்றது. பெற்றோரின் போர்ப் பெருமையைச் சீண்டும் வேலை அது என்று சமாதானம் சொல்லப்பட்டது. நேஷனல் ஃபிரண்ட் என்னும் இனவெறிக் கட்சி தெருவில் ஊர்வலம் போன காலத்தில், லண்டனின் கறுப்பினத்தவருக்கும் தெற்காசியருக்கும் யூதர்களுக்கும் அந்தச் சமாதானம் எதற்கு உதவும்? அதை நான் ஏற்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்னும் முறை, எதைச் செய்வது என்று சொல்லித் தருவதில்லை. அது இந்த முறையின் உண்மையான குறை. தவறுக்கு எதிரான பதிலும் அதே கருவிகளோடு வந்தது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். இனவெறிக்கு எதிரான ராக் இயக்கம் பேட்ஜும் ஸ்டென்சிலும் சிறுபத்திரிகையுமாகப் பரவி, 1978 ஏப்ரல் 30 அன்று விக்டோரியா பூங்காவில் பெருங்கூட்டம் திரட்டியது. கிளாஷும், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸும், கறுப்பின ரெக்கே குழுவான ஸ்டீல் பல்ஸும் ஒரே மேடையில் பாடினார்கள்.

இந்த உடை வெறும் பாணிதான் என்றால் அதிகாரத்துக்கு அதன்மேல் இவ்வளவு கோபம் வரத் தேவையில்லை. 2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில் ஒரு இசை நிகழ்ச்சிக்கு வந்த அறுபதுக்கும் மேற்பட்ட பங்க் இளைஞர்களைப் போலீஸ் பிடித்தது. வழக்கு எதுவும் போடவில்லை. தலையை மழித்தார்கள், ஏரியில் இறக்கிக் குளிக்க வைத்தார்கள், உடைகளையும் சங்கிலிகளையும் கழற்ற வைத்தார்கள், காவலர் பயிற்சிப் பள்ளியில் அடைத்து ஒழுக்கம் கற்பித்தார்கள். தன் தோற்றத்தைத் தானே செய்துகொள்பவர் வேறு எதையெல்லாம் தானே முடிவு செய்வாரோ என்ற அச்சம் அந்த நடவடிக்கையில் தெரிகிறது.

2013இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் பங்க் உடைகளுக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. சிபிஜிபியின் கழிப்பறையைக்கூட மாதிரியாகக் கட்டிக் காட்டினார்கள். 2016 நவம்பர் 26 அன்று, வெஸ்ட்வுட், மக்லாரன் இருவரின் மகன் ஜோ கோரே, 50 லட்சம் பவுண்டு பெறும் என்று தான் சொன்ன பங்க் சேகரிப்பைத் தேம்ஸ் நதியில் படகில் வைத்து எரித்தார். பங்க் வியாபாரமாகிவிட்டது என்பது அவர் கோபம். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் காட்சிக்கு வைத்தவர்களும் எரித்தவரும் அந்தப் பழைய துணிகளிலேயே எல்லாம் அடங்கியிருப்பதாக நம்பினார்கள். அருங்காட்சியகம் அந்தச் சட்டைகளில் சிலவற்றையாவது உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி மாட்டியிருந்தால், முடிச்சு எங்கே விழுந்தது, குமிழின் கால் எப்படி மடங்கியது, எங்கே நூல் தீர்ந்து வேறு நூல் தொடங்கியது என்று வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். சிறு பங்க் நிகழ்ச்சிகளின் வாசலில் அதற்குக் கண்காட்சி தேவைப்படுவதில்லை. வெட்டுத்துண்டுகளில் அச்சிட்ட ஒட்டுகளை ஒரு மேசையில் பரப்பி வைத்திருப்பார்கள். விலை சொற்பம், சில மேசைகளில் நீங்கள் செய்த ஒட்டு ஒன்றைக் கொடுத்து அவர்களுடையதை எடுத்துக்கொள்ளலாம்.